அரிசி டப்பாவில் இருந்த மாத்திரை

தாராவியில் தளவாய் வீட்டு முன்னறைக் கதவு பகலில் சாத்திக் கிடந்ததில்லை. ஊர்ச் சங்கத்தின் தலைவர் அவர். வாடகைத் தகராறோ கல்யாணப் பேச்சோ அந்த அறைக்குத்தான் வரும். வந்தவர் யாராக இருந்தாலும் அவர் மனைவி பேராச்சி கையால் ஒரு டீ குடிக்காமல் படியிறங்கக் கூடாது. அது அந்த வீட்டு மரியாதை.

அந்த மரியாதைக்கும் ஒருமுறை பங்கம் வந்தது. பேராச்சிக்கு, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் லூபஸ் என்ற நோய் கண்ட புதிதில் இரண்டு கன்னமும் மூக்கும் சிவந்து தடித்திருந்தன. டீ கொண்டுவந்தவளின் முகத்தைப் பார்த்த ஒரு பெரியவர், "வயித்துக்குச் சரியில்ல" என்று தம்ளரைத் தொடாமலே எழுந்து போனார். தொற்றுகிற நோயே இல்லை அது. ஆனால் பெண்டாட்டிக்காக ஒருவரிடம் விளக்கம் சொல்லி நிற்பதா என்று தளவாய் வாயை மூடிக்கொண்டார். முகம் தெளிந்ததும், குணமாகிவிட்டதாக எல்லோரிடமும் சொல்லிவைத்தார். பேராச்சியிடம் மட்டும், "மாத்திரையெல்லாம் விடியக்காலமே முழுங்கிரு. ஆள் வந்தபொறவு ஒரு அட்டை வெளிய தெரியக் கூடாது" என்றார்.

அவளும் அப்படியே செய்தாள். பிறகு தைராய்டும் குறைவு என்று ஒரு மாத்திரை சேர்ந்தது. அதையும் லூபஸ், கால்சியம் மாத்திரைகளோடு சேர்த்தே போட்டுக்கொண்டாள்.

இந்த வருஷம் அவள் தளர்ந்துகொண்டே போனாள். மும்பை வெக்கையிலும் மின்விசிறியை நிறுத்திவிட்டுப் போர்த்திக்கொண்டாள். குரல் கரகரத்தது. வந்தவர்களை "வாங்க" என்று கேட்கவும் மறந்தாள்.

"மைனிக்கு இப்ப நம்மளையெல்லாம் கண்ணு தெரியல போல" என்று சிரித்தார் சங்கப் பொருளாளர் பிரம்மநாயகம்.

தளவாய் சிரிக்கவில்லை. லூபஸ் மறுபடி ஏறிவிட்டது, இனி இவளைக் கொண்டுபோய்விடும் என்று பயந்து, அவளை டாக்டரிடம் கூட்டிப்போனார்.

மாட்டுங்காவில் இளம் டாக்டர் ஷ்ருதி ரிப்போர்ட்டைப் பார்த்தாள். "லூபஸ் அடங்கித்தான் இருக்கும்மா. தைராய்டுதான் இன்னும் குறைவு. லூபஸ் உள்ளவங்களுக்கு இதுவும் சேர்ந்து வர்றதுண்டு. அசதி, முடி கொட்டுறது எல்லாம் ரெண்டுலயும் ஒண்ணுபோலவே இருக்கும். ஆனா மாத்திரை ஏன் வேலை செய்யல? எப்படிச் சாப்பிடறீங்க?"

"எல்லாத்தையும் விடியக்காலமே."

"கால்சியமும் சேர்த்தா? அதான்! அது தைராய்டு மாத்திரையை உடம்புல சேர விடாது. காலைல வெறும் வயித்துல தைராய்டு மாத்திரை மட்டும். கால்சியம் மத்தியானச் சாப்பாட்டோட. யாரு இப்படி ஒண்ணாப் போடச் சொன்னது?"

தளவாய் விறைத்து உட்கார்ந்திருந்தார். பேராச்சி அவர் பக்கம் திரும்பவே இல்லை. "யாரும் சொல்லலம்மா. எனக்கு மறதி. அதான் ஒண்ணாப் போட்டுக்கிட்டேன்."

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும், "ஏட்டி, ஏன் அப்படிச் சொன்னே?" என்றார்.

"பின்ன? அந்தச் சின்னப்புள்ள முன்னால உங்களத் தலைகுனிய விடுவனா?"

இறங்கியதும் தளவாய் அவளுடைய கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, தெருவே பார்க்க நடந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முன்னறை நிறைய ஆள். கோயில் கொடை விழாவைப் பற்றி பிரம்மநாயகம் பேசிக்கொண்டிருந்தார். தளவாய் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார்.

"பேராச்சி! சாப்பிட்டு மாத்திரை போட்டியா?"

"என்ன மாத்திரை அண்ணாச்சி? மைனிக்குத்தான் குணமாயிட்டே" என்றார் பிரம்மநாயகம்.

"குணமாகல. நான் சொன்னது பொய். லூபஸ் இருக்கு, மருந்துல அடங்கி இருக்கு. கூட தைராய்டும் இருக்கு. ரெண்டும் தொத்தாது. டீ வேண்டாங்கிறவர் இப்பமே எந்திரிக்கலாம்."

ஒருவரும் எழவில்லை. பிரம்மநாயகம் தன் தம்ளரை எடுத்துக் கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

உள்ளேயிருந்து கரகரத்த குரல் வந்தது. "இன்னும் போடல. கத்தாதீங்க, மாட்டுங்கா வரைக்கும் கேட்டிருக்கும்."

"எங்க வச்சிருக்கே?"

"அரிசி டப்பாவுக்குள்ள. வெளிய தெரியக் கூடாதுன்னீங்கள்லா?"

தளவாய் எழுந்து உள்ளே போனார். அரிசிக்குள் கைவிட்டு கால்சியம் அட்டையை எடுத்தார். ஒரு மாத்திரையைப் பிரித்து அவள் உள்ளங்கையில் வைத்து, செம்பில் தண்ணீர் மொண்டு கொடுத்தார். மீதி அட்டையை முன்னறைக்குக் கொண்டுவந்து, எல்லோர் கண்ணிலும் படும்படி கடிகாரத்துக்குக் கீழே சாத்தி வைத்தார்.

"ம், சொல்லும் பிரம்மநாயகம். கொடையில எந்த இடத்துல விட்டோம்?"