கணினிக்கு ஒரு சட்டை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகத் தொடங்கவில்லை. என் கணினி சொல்லாமல் கொள்ளாமல் அணைந்துகொண்டிருந்தது. பழுது பார்க்க வந்த அக்கா, "எதையாவது டைப் பண்ணிட்டே இருங்க. எத்தனாவது நிமிஷத்துல அணையுதுன்னு குறிச்சு வைங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். எதையாவது என்றால் எதை? கைக்கு அருகில் இருந்ததை அடித்தேன். கைக்கு அருகில் இருந்தது எங்கள் வீடுதான்.

முதல் தொடக்கம்: "அந்த வீட்டில் மூன்று பேர். அவர்களில் இரண்டு பேர் ஒருவரோடொருவர்" (பதினெட்டாவது நிமிடம். அணைந்தது.)

இரண்டாம் தொடக்கம்: "அம்மா மறுமணம் செய்துகொண்டபோது எனக்கு வயது இருபத்தாறு. சண்டை போடும் வயதும் இல்லை, செல்லம் கொஞ்சும்" (பதினேழு.)

இந்த அரைகுறை வாக்கியங்களை அழிக்க மனம் வரவில்லை. பாவம், பாதியில் போனது அவற்றின் குற்றமில்லையே. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். 'நான்' என்று எழுதினால் நியாயம் எல்லாம் என் பக்கமே வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆகையால் இனி 'அவள்'.

2

அவள் வீட்டிலிருந்தபடியே கையேடுகளை மொழிபெயர்ப்பவள். ஃபிரிட்ஜ், மிக்சி, ஸ்டெபிலைசர் வாங்கினால் பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகம் வரும், யாரும் படிக்காமல் தூக்கிப் போடுவார்களே, அது அவள் எழுதியது. அம்மா மருத்துவமனையில் நர்ஸ். காலையில் போனால் பொழுது சாயும்போதுதான் வருவார். பகல் முழுக்க வீட்டில் இரண்டு சத்தங்கள். பின்னறையில் அவளுடைய விசைப்பலகை. முன்னறையில் அம்மாவின் கணவர் ஓட்டும் தையல் மெஷின். அவர் கார் சீட்டுகளுக்குக் கவர் தைப்பவர்.

அவரை எப்படிக் கூப்பிடுவது என்பது இரண்டு வருடச் சிக்கல். 'அப்பா' வாய்க்கு வரவில்லை. 'சார்' என்றால் ஆபீஸ் ஆகிவிடும். 'அங்கிள்' என்றால் பக்கத்து வீட்டுக்காரர். எனவே சாப்பாடு தயார் என்று சொல்ல வேண்டுமானால் அவள் முன்னறை வாசலில் நின்று தொண்டையைச் செருமுவாள். அவரும் அதே மரியாதையைத் திருப்பிச் செலுத்தினார். செருமிச் செருமியே இரண்டு வருடம் ஓடிவிட்டது.

அம்மா அலமாரியில் பாதியைக் காலி செய்து கொடுத்திருந்தார். அவரோ சட்டைகளைக் கதவுக்குப் பின்னால் ஒரு பயணப் பையில்தான் வைத்திருந்தார். "இதுலயே வசதியாத்தானே இருக்கு" என்பார். யாராவது முகம் சுளித்தால் உடனே கிளம்பத் தயாராக இருப்பவரின் பை அது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குக் கூச்சமாக இருக்கும்.

(முதல் வரைவில் அவரைக் கொஞ்சம் பொல்லாதவராக எழுதிப் பார்த்தேன். இரண்டாவது பத்தியிலேயே என் தண்ணீர் பாட்டிலை நிரப்பி வைத்துவிட்டுப் போய்விட்டார். அவரை நம்பி வில்லன் வேலையை ஒப்படைக்க முடியாது.)

3

பழுது பார்க்கும் அக்கா கொண்டையில் ஊசிக்குப் பதில் ஸ்க்ரூ முடுக்கும் திருப்புளி செருகியிருப்பார். தெருவே அவரைத் 'திருப்புளி அக்கா' என்றுதான் சொல்லும். முதல் தடவை வந்தபோது கணினிப் பெட்டியைத் திறந்து, ஊதி, ஒரு முறம் தூசியை வெளியேற்றினார்.

"தூசி அடைச்சுக்கிட்டுத்தான் அணைஞ்சிருக்கு. இனிமே தூசி படாம பாத்துக்கோங்க."

இதைக் கதவருகே நின்று இன்னொருவரும் கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா போனதும் அளவு நாடாவோடு வந்து செருமினார்.

"பெட்டிய ஒரு தடவை அளவு எடுத்துக்கட்டுமா?"

இரண்டு வருடத்தில் அவர் அவளிடம் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுதான்.

மறுநாள் கணினிக்குச் சட்டை வந்தது. சாம்பல் நிற ரெக்சின், ஓரம் முழுக்கச் சிவப்புப் பட்டி, பொத்தான் இருக்கும் இடத்தில் மட்டும் தூக்கிவிடும் மூடி, பக்கவாட்டில் பென்டிரைவ் வைக்க ஒரு பை. கடைத்தெரு முழுக்கத் தேடினாலும் அப்படி ஒன்று கிடைக்காது. அவள் "ரொம்ப நல்லா இருக்கு" என்றாள். மனசாரத்தான் சொன்னாள்.

அன்று மாலை அலமாரியைத் திறந்தபோது நான்கு சட்டைகள் தொங்கின. கதவுக்குப் பின்னால் பை தட்டையாகக் கிடந்தது.

4

கணினி மறுபடி அணையத் தொடங்கியது. திருப்புளி அக்கா பவர் சப்ளையை மாற்றிப் பார்த்தார். மெமரியை எடுத்து ரப்பரால் தேய்த்துப் போட்டார். கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார். அங்கே நாள் முழுக்க ஓடியது. வீட்டுக்கு வந்தால் கொஞ்ச நேரத்திலேயே படுத்துவிடும். "என் கடையில நல்ல பிள்ளையா இருக்கு, உங்க வீட்டுல அடம் பிடிக்குது" என்று தலையைச் சொறிந்தார். அப்போதுதான் இந்த டைப் அடிக்கும் வைத்தியத்தைச் சொன்னார்.

சட்டைக்காரருக்கு மட்டும் சந்தேகமே இல்லை. இன்னும் எங்கோ தூசி நுழைகிறது. உள்ளே ஸ்பாஞ்ச் கொடுத்து, இறுக்கமாக, இரண்டாவதாக ஒன்றைத் தைத்து வந்து அதை அவரே மாட்ட

(ஒன்பதாவது நிமிடம்.)

5

மூன்றாவது தடவை அக்கா பெட்டியைத் தூக்கவில்லை. முன்னறையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. முன்னறிவிப்பு இல்லாமல் வந்ததால் சட்டை மேலேயே இருந்தது. போன தடவை சட்டைக்காரர்தான் அக்கா வருவதற்கு முன்பே அதைக் கழற்றி, மடித்து, அழுக்குப் படாமல் உள்ளே வைத்துவிட்டார்.

அக்கா பெட்டிமேல் கை வைத்தார். கையை உதறினார்.

"அடுப்பு மாதிரி கொதிக்குதேம்மா! இது யாரு போட்டது?"

"எங்க..." என்று தொடங்கினாள். அதற்கு மேல் சொல் இல்லை.

"காத்துப் போற ஓட்டை எல்லாத்தையும் மூடி வச்சிருக்கீங்க. சூடு தாங்காம அதுவே அணைஞ்சு தன்னைக் காப்பாத்திக்குது."

எங்கள் வீட்டிலும் அதே ஏற்பாடுதான் என்று அவள் சொல்லவில்லை. அவளுக்கு வேறொன்று சுருக்கென்றது. 'காற்றோட்டத் துளைகளை மூட வேண்டாம்.' குறைந்தது நாற்பது கையேடுகளில் அவளே எழுதிய வரி. எட்டாவது பக்கத்தில் வரும். எழுதினவளே படிக்கவில்லை, ஊரைச் சொல்லி என்ன பயன்?

6

இங்கே மூன்று முடிவுகள் வைத்திருக்கிறேன்.

(அ) பொய் முடிவு. கழுத்துச் சங்கிலி மாதிரி வெளியே போகும்போது போட்டு, உள்ளே வந்ததும் கழற்றுவது. நான்கு நாளாக நடப்பது இதுதான். தையல் மெஷின் நின்றால் கவரை மாட்டுவாள், மறுபடி ஓடத் தொடங்கினால் கழற்றுவாள். இந்த முடிவில் ஒரு கோளாறு. அவர் வந்து உட்கார்ந்து கவலையோடு பார்க்கும்போதெல்லாம் கணினி அவர் கண்ணெதிரே அணைகிறது. மூன்றாவது கவருக்குத் துணி வெட்டியாகிவிட்டது.

(ஆ) சோக முடிவு. சொல்லிவிடுகிறாள். அவர் "அடடா, என்னாலதானா" என்று கவரை வாங்கிக்கொண்டு போகிறார். மறுநாள் அலமாரியில் நான்கு ஹேங்கர்கள் வெறுமனே தொங்குகின்றன. இது வேண்டாம் என்று கோடு போட்டுவிட்டேன்.

(இ) இது என் கற்பனை இல்லை, காதில் விழுந்தது. நேற்று ஒரு டிரைவர் முன்னறைக்கு வந்து கத்தினார். "நீங்க தச்ச கவருல உக்காந்தா முதுகு வேர்த்து ஊத்துதுங்க!" அவள் பின்னறையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். இப்போது அவர் சுருங்கிப்போவார் என்று நினைத்தாள். அவரோ சிரித்தார்.

"கொண்டாங்க. முதுகுப் பக்கம் வலைத்துணி வச்சுடறேன். ஒருதடவை திரும்பி வந்தாத்தான் கவர் சரியா உக்காரும். வராம இருந்தாத்தான் எனக்குக் கவலை."

7

இனி 'அவள்' வேண்டாம். அவளை வைத்து நான் ஒளிந்துகொண்டது போதும்.

இந்தப் பகுதியை ஒரே மூச்சில் எழுதுகிறேன். காலையிலிருந்து கணினி ஒரு தடவைகூட அணையவில்லை. கவர் என் மடியில் இருக்கிறது, உள்பக்கம் வெளியே தெரிய. மதியம் அவர் மேசையிலிருந்து சாக்பீஸ் எடுத்துவந்து, காற்றுப் போக வேண்டிய இடங்களில் இரண்டு கட்டம் போட்டிருக்கிறேன். பக்கவாட்டில் ஒன்று, பின்னால் ஒன்று. பென்டிரைவ் பையைத் தொடவில்லை. அது அங்கேயே இருக்கட்டும்.

முன்னறையில் மெஷின் நின்றுவிட்டது.

கவரை மாட்ட எட்டு விநாடி போதும். பழகிய கை, தானாக ஒருமுறை எழுந்தது. அதை விசைப்பலகைமேல் திரும்ப வைத்தேன். செருப்புச் சத்தம் வருகிறது. அவர் வாசலில் நின்றதும் நான் சொல்லப்போகும் வாக்கியம் தயார்:

"________, இதைக் கொஞ்சம் பிரிச்சுத் தைக்கணும். தப்பு என்னோடது, உள்ள வாங்க, சொல்றேன்."

அந்தக் கோட்டின்மேல் என்ன சொல் வரும், அதன் பிறகு அலமாரியில் சட்டைகள் கூடுமா குறையுமா என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்கென்று ஒரு சொல் கிடைத்துவிட்டது. ஆனால் அதை முதலில் கேட்க வேண்டியவர் நீங்கள் இல்லை, மன்னியுங்கள்.

இதோ, செருமுகிறார்.