சிட்டிபாபு போட்ட ரூட்

ரேஸில் ஓட்டப்போகிறவனையே ரூட் போடச் சொன்னால் தனக்குத் தோதாகத்தான் போடுவான். சிட்டிபாபுவும் அதைத்தான் செய்தான். ஊர் உலகத்தில் யாரும் செய்யாததை அவன் செய்துவிடவில்லை.

மறைமலை நகரில் கார் உதிரி பாகம் செய்கிற ஒரு கம்பெனி இருந்தது. 1989-ல் அவர்களுக்கு ஒரு சைக்கிள் டீம் அமைக்கிற ஆசை வந்தது. தாம்பரத்திலிருந்து ஒரு சுற்று ரேஸ்; முதலாவதாக வருகிறவனுக்கு டீமில் இடம், கூடவே நிரந்தர வேலை. இருபத்தைந்து வயது முடிந்திருக்கக் கூடாது என்பது ஒன்றுதான் நிபந்தனை. சிட்டிபாபுவுக்குச் சித்திரையில் இருபத்தைந்து முடிகிறது. இது மாசி. இதை விட்டால் அவனுக்கு அடுத்த வருஷம் என்று ஒன்று கிடையாது.

அவன் அப்போது நன்மங்கலத்து மலைக்குப் பின்னால் இருந்த கல்குவாரிகளில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். மழுங்கிப்போன உளிகளையெல்லாம் கேரியரில் கட்டிக்கொண்டு பட்டறைக்குப் போய், காய்ச்சித் தட்டி, கூர் ஏற்றித் திரும்பக் கொண்டுவர வேண்டும். ஒரு நாளைக்கு ஆறு நடை. எல்லாம் ஜல்லி ரோடு. எட்டு வருஷம் அந்த ரோடுகளில் அவன் உடம்பு குலுங்கிய குலுக்கலில் எலும்பெல்லாம் கழன்று போகாமல் இருந்ததே பெரிய விஷயம்.

கம்பெனியின் விளையாட்டு அதிகாரி பக்தவச்சலம் ஜீப்பில் ரூட் பார்க்க வந்தவர், இவனை நிறுத்தித்தான் வழி கேட்டார். மாநிலப் போட்டியில் கரடுமுரடான ரோடும் வருகிறதாம், அதனால் இங்கேயும் கொஞ்சம் ஜல்லி ரோடு வேண்டுமாம். சிட்டிபாபு சைக்கிளை ஜீப்பின் பின்னால் போட்டுக்கொண்டு மலையைச் சுற்றிச் சுற்றிக் காட்டினான். கடைசியில் ஒரு ரோட்டுக்குக் கூட்டிப்போனான். பஞ்சாயத்தில் ஜல்லியைக் கொட்டிவிட்டுப் போய் இரண்டு வருஷமாகிறது. ரோலர் இன்றைக்கு வரும் நாளைக்கு வரும் என்று ஊரே காத்திருந்தது. ஒரு பக்கம் வெட்டியெடுத்த மலை, இன்னொரு பக்கம் பச்சைத் தண்ணீர் தேங்கிய பழைய குவாரிப் பள்ளம். நடுவில் முக்கால் கிலோமீட்டர் நீளத்துக்கு உதிரி ஜல்லி.

"இது எங்கப்பா போகுது?" என்றார் பக்தவச்சலம்.

"சுடுகாட்டுக்கு சார். அத்தத் தாண்டினா கோவிலம்பாக்கம் ரோட்ல ஏறிடலாம்."

"டிராஃபிக் எப்படி?"

"ஞாயித்துக்கெயமைல லாரி கெடையாது. வெடியும் வெக்க மாட்டாங்கோ. ஈ காக்கா இருக்காது சார்."

லாரியை நினைத்தான், வெடியை நினைத்தான். சுடுகாட்டு ரோட்டில் பிணம் வரும் என்பதை மட்டும் அந்தப் புத்திசாலி நினைக்கவில்லை. அவன் நினைப்பெல்லாம் பள்ளத்தின் விளிம்பை ஒட்டி ஒரு சாண் அகலத்துக்குக் கெட்டியாக ஓடிய தடத்தின் மேலேயே இருந்தது. கூடை சுமக்கிற பொம்பளைகள் நடந்து நடந்து விழுந்த தடம். அது இருப்பது வெளியூர்க்காரன் எவனுக்கும் தெரியாது. பக்தவச்சலத்திடமும் அவன் சொல்லவில்லை.

ரேஸுக்கு மூன்று நாள் முன்பே சேலையூரில் ஞானையா என்ற சிநேகிதன் வீட்டுக்குப் போய்விட்டான். வீட்டில் இருந்தால் குவாரியிலிருந்து ஆள் விட்டுக் கூப்பிடுவார்கள். அதனால் அம்மாவிடம் தாம்பரம் என்று மட்டும் சொன்னான், யார் வீடு, எதற்கு என்று சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்குத் தொடங்க வேண்டிய ரேஸ். தலைமை தாங்க வேண்டியவர் ஒன்பது மணிக்கு வந்து, முக்கால் மணி நேரம் உடல்நலத்தின் அவசியத்தைப் பற்றிப் பேசினார். நாற்பது பேர் வெயிலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்று உடல்நலம் கெட்டார்கள். சிட்டிபாபுவின் முதுகில் பதினேழாம் நம்பர்.

மேடவாக்கம் வரைக்கும் தார் ரோடு. அதில் பெரம்பூர் லோகநாதன்தான் முன்னால் போனான். வளைந்த ஹேண்டில்பார் வைத்த ரேஸ் சைக்கிள் அவனுடையது, டயர் விரல் தடிமன்தான் இருக்கும். சிட்டிபாபு அவசரப்படவில்லை. மலைச்சரிவு தொடங்கி ஜல்லி வந்ததும் ஆட்டம் மாறியது. ஜல்லியில் ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்கக் கூடாது, பிரேக்கைத் தொடக் கூடாது, உடம்பைப் பின்னால் தள்ளி வண்டியை அதன் போக்கில் விட வேண்டும். லோகநாதன் இறுக்கிப் பிடித்தான், இரண்டு தடவை விழுந்தான். சுடுகாட்டு ரோடு வந்தபோது அவன் இறங்கித் தள்ளிக்கொண்டிருந்தான். சிட்டிபாபு விளிம்புத் தடத்தில் ஏறி, அவன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் தாண்டினான். முன்னால் யாருமே இல்லை. வேலை கிடைத்துவிட்டது என்றே அவன் முடிவு செய்துவிட்டான்.

வளைவு திரும்பினால் ரோட்டை அடைத்துக்கொண்டு கூட்டம். மேளச் சத்தம் மலையில் மோதித் திரும்பிக்கொண்டிருந்தது. நடுவில் பூப்போட்ட பாடை. விளிம்புத் தடத்திலும் வரிசையாக ஆட்கள் நடந்து போனார்கள்.

அவனுக்கு முதலில் வந்தது துக்கமோ பயமோ இல்லை, ஆத்திரம்தான். இன்றைக்குத்தானா, இந்த நேரத்திலா. சந்து கிடைக்குமா என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான். பெல்லை அடித்தான். ஒரு தடவை இல்லை, நாலைந்து தடவை அடித்தான்.

பின்னால் போனவர்கள் திரும்பினார்கள். எல்லாம் தெரிந்த முகம்.

"டேய், சிட்டிபாபு வந்துட்டான்டா" என்றார் ஒருவர். அது முன்னால் பரவி, மேளம் நின்றது. பாடை நின்றது. கூட்டம் விலகி வழி விட்டது, அவன் கேட்ட வழி அது இல்லை. அந்த வழியாகச் சித்தப்பா அப்பாதுரை நெஞ்சில் அடித்துக்கொண்டு வந்தார். கையில் கொள்ளிச்சட்டி புகைந்தது.

"பெரியப்பா பூட்டார்டா. நேத்து சாயங்காலம் நெஞ்சுவலின்னு ஒக்காந்தவரு அப்டியே சாஞ்சுட்டாரு. தாம்பரம் பூரா ஆள் வுட்டுத் தேடினோம். எமகண்டத்துக்கு முன்னாடி எடுத்துடணும்னு, மனசே இல்லாம நான் சட்டியத் தூக்கினு வந்தேன். அவரு ஆசப்படியே வந்துட்டியேடா."

பெரியப்பா முனிரத்தினத்துக்கு மூன்றும் பெண். அப்பா செத்ததிலிருந்து சிட்டிபாபுவைப் பிள்ளையாகவே வளர்த்தவர். தன் கொள்ளிக்கு இவன்தான் என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். சிட்டிபாபு சைக்கிளிலிருந்து இறங்கினான். யாரோ சைக்கிளை வாங்கிக்கொண்டார்கள். யாரோ சட்டையைக் கழற்றினார்கள், பதினேழாம் நம்பரும் அதோடு போனது. சித்தப்பா சட்டியை அவன் கையில் கொடுத்தார்.

கொள்ளிச்சட்டியை வாங்கிவிட்டால் கீழே வைக்க முடியாது, இன்னொருவனிடம் கொடுக்க முடியாது. அவன் பாடைக்கு முன்னால் நடந்தான். சட்டி சுட்டது. கொஞ்ச நேரத்தில் லோகநாதன் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓரமாக வந்தான். பிணத்துக்கு மரியாதையாக நெஞ்சைத் தொட்டுக்கொண்டான், சிட்டிபாபுவை அடையாளம் தெரியாமலே தாண்டிப் போனான். பிறகு இரண்டு பேர் போனார்கள். அவர்களுக்கு வழி விட்டு ஒதுங்கச் சொன்னதே சித்தப்பாதான்.

"பாவம், பந்தயத்துல கீறானுங்கோ. போவட்டும்" என்றார்.

சுடுகாட்டில் மொட்டையடித்து, வேட்டி கட்டவைத்து, அவன் தோளில் தண்ணீர்க்குடத்தை ஏற்றினார்கள். முதல் சுற்றுக்கு நின்றபோது பக்தவச்சலத்தின் ஜீப் வந்து நின்றது. அவர் மொட்டைத் தலையைப் பார்த்துத் தயங்கி, பிறகு கிட்டே வந்தார்.

"சொல்லலாமா கூடாதான்னு தெரியலைப்பா. லோகநாதன் கோவிலம்பாக்கத்துல டயர் வெடிச்சு உட்கார்ந்துட்டான். மத்த ரெண்டு பேருக்கும் ரிம் கோணிடுச்சு, உருட்டிட்டுத்தான் போறாங்க. பாக்கிப் பேரெல்லாம் ஜல்லியிலயே நின்னுட்டாங்க. இப்ப ஏறினாக்கூட ஜி.எஸ்.டி. ரோடு வர்றதுக்குள்ள நீ பிடிச்சுடுவே, வேலை உனக்குத்தான்."

அவன் போட்ட ரூட் அவன் நினைத்தபடியே வேலை செய்துகொண்டிருந்தது. அவன் வாயைத் திறந்தான். என்ன சொல்லத் திறந்தான் என்பதைக் கடைசி வரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை.

சித்தப்பா முந்திக்கொண்டார். "போமாட்டான் சார். வேல இன்னிக்குப் போவும், நாளைக்கு வரும். மொதல்ல வந்துகினு இருந்தவன் சார், அத்த வுட்டுட்டு அவனா வந்து சட்டிய வாங்கினான். இந்தப் புள்ளைக்கு ஒங்க வேல ஒரு பெருசா?"

சுற்றியிருந்தவர்கள் ஆமாம் என்றார்கள். பெரியப்பாவின் மாப்பிள்ளை ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெல் அடித்ததை யாரும் சொல்லவில்லை. ஆள் சேர்க்க அடித்தான் என்றே நினைத்திருப்பார்கள். பக்தவச்சலம் கும்பிட்டார்.

"உன் மாதிரி பிள்ளை யாருக்குக் கிடைக்கும்" என்றார். அவர் நிஜமாகவே அப்படித்தான் நினைத்தார்.

குடத்தில் ஓட்டை போட்டார்கள். ஒரு சுற்று, இரண்டு, மூன்று. தண்ணீர் முதுகில் வழிந்தது. குடத்தைப் பின்பக்கமாகப் போட்டு உடைத்தான். கொள்ளியைக் கையில் கொடுத்து, வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நட என்றார்கள். வைத்தான், நடந்தான். முதுகுக்குப் பின்னால் ஜீப் கிளம்பி ஜல்லியில் ஏறுகிற சத்தம் கேட்டது. அது கோவிலம்பாக்கம் ரோட்டில் ஏறி அடங்குகிற வரைக்கும் தலையைத் திருப்பாமல் நின்று அழுதான். பக்கத்தில் வந்த சித்தப்பா, அழுதுடு, பெரியப்பாவுக்கு இது போய்ச் சேரும் என்று முதுகைத் தடவினார். அந்த அழுகையில் பெரியப்பாவுக்கு எவ்வளவு, வேலைக்கு எவ்வளவு என்று அவனுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.