வராத ஆறு பேர்

சனிக்கிழமை காலை ஒன்பது மணி. ரொறன்ரோவில், டோர்செட் பார்க் மாடிக்கட்டடத்தின் எட்டாம் தளத்தில், அன்புராசா தொலைபேசி அட்டையின் வெள்ளிப்பூச்சைச் சுரண்டிக்கொண்டிருந்தார். மிலானில் அப்போது பிற்பகல் மூன்று. அங்கே ஒரு மடத்துச் சுவரில் உள்ள கடைசி இராப்போசன ஓவியத்தைப் பல வருடங்களாகச் செப்பனிட்டு, அந்த 1999ஆம் ஆண்டில்தான் மறுபடி திறந்திருந்தார்கள். ஒரு தடவைக்கு இருபத்தைந்து பேர், கால் மணி நேரம், அதுவும் முன்கூட்டியே பெயர் பதிந்தவர்களுக்கு மட்டும்.

நாலாம் முறை இணைப்புக் கிடைத்தது. ஓகஸ்டில் ஒரு வியாழக்கிழமை, பத்தேகாலுக்கு ஆறு இடம் பிடித்தார். அவர், மனைவி கிளடிஸ், சூரிச்சிலிருந்து வரும் அவளது அண்ணன் குடும்பம் நாலு பேர். அத்தோடு நிறுத்தவில்லை. பத்தேமுக்காலுக்கும் ஆறு இடம் கேட்டு, அதற்கு மைத்துனி அன்ரனெற்றின் பெயரைக் கொடுத்தார்.

"ஏனப்பா ரெண்டு?" என்றாள் கிளடிஸ்.

"எதுக்கும் இருக்கட்டும். உம்மட அண்ணர் சொன்ன நேரத்துக்கு எப்பவாவது வெளிக்கிட்டவரே? தன்ர கலியாணத்துக்கே பூசை தொடங்கினாப் பிறகு வந்த மனிசன்."

"அண்டைக்கு மழையப்பா."

"ஓம், மழைதான். வெயில் மண்டையைப் பிளந்தது எனக்கெல்லோ தெரியும். ஒருத்தருக்கும் மூச்சு விடாதையும். கண்ணூறு பட்டிடும்."

அவருடைய சுபாவமே அது. இரண்டாயிரம் பிறக்கும் நாள் விருந்துக்கும் ஸ்காபரோவில் இரண்டு மண்டபங்களில் பெயர் கொடுத்து வைத்திருந்தார். எது வேண்டாம் என்று இன்னும் யாருக்கும் சொல்லவில்லை.

மறுநாள் பூசை முடிந்ததும் றீற்றா அவரை மறித்தாள். வாரம் முழுக்க ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் துணி அயன் பண்ணுகிறவள் அவள். சனிக்கிழமைகளில் கோயிலின் பீடச்சீலைகளையும் அவளே அயன் பண்ணுவாள். பங்குக் கோயிலின் யாத்திரைக் குழுவோடு லூர்துக்கும் ரோமுக்கும் போகப் பெயர் கொடுத்திருந்தாள்.

"அண்ணை, எங்கட பஸ் மிலானில ஒரு காலமை நிக்குதாம். அந்த இராப்போசனப் படத்தில மேசைச்சீலையின்ர மடிப்புக்கூடத் தெரியுமாம். எனக்கு அதை ஒருக்காப் பாக்கோணும். எப்பிடிப் பதியிறதெண்டு தெரியுமே?"

"எனக்கென்ன தெரியும் றீற்றா? அங்கை போய்க் கேட்டால் விடுவாங்கள்."

போகிற செய்தி வெளியே வராவிட்டால் சரி என்றுதான் அப்போது நினைத்தார்.

என்ன அதிசயமோ, அந்த வியாழக்கிழமை கிளடிசின் அண்ணன் குடும்பம் அரைமணி முந்தியே வாசலில் நின்றது. பத்தேகாலுக்குக் கதவு திறந்தது.

உள்ளே மங்கிய வெளிச்சம். சத்தமாய்ப் பேசிக்கொண்டு வந்தவர்கள் எல்லோரும், யாரும் சொல்லாமலே பேச்சை நிறுத்தினார்கள். வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு மேலே முழ அகலச் சட்டத்தில் பார்த்துப் பழகிய காட்சி, இங்கே சுவர் முழுக்க விரிந்து கிடந்தது. நிறங்கள் உதிர்ந்திருந்தன. சில முகங்கள் பாதிதான் மிஞ்சியிருந்தன. ஆனாலும் அந்த மேசையில் ஒரு வார்த்தை அப்போதுதான் சொல்லப்பட்டது போலிருந்தது. உங்களில் ஒருவன் என்னைக் காட்டிக்கொடுப்பான். பன்னிரண்டு சீடரின் கைகளும் கேட்டன: ஆண்டவரே, நானோ?

அன்புராசா மூச்சை மெதுவாக விட்டார். அவர் கண் மேசைச்சீலைக்கு இறங்கியது. உண்மைதான், மடித்து வைத்திருந்து இப்போதுதான் விரித்தது போல, கோடு கோடாக மடிப்புத் தெரிந்தது. ஐந்நூறு வருடமாக அந்த மடிப்புக் குலையவில்லை. அவருக்குக் கண் கலங்கியது. கிளடிஸ் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

வெளியே வந்த பிறகுதான் குடையை முன்கூடத்தில் விட்டது நினைவு வந்தது. தனியாகத் திரும்பிப் போனார். பத்தேமுக்கால் குழு வரிசையில் நின்றது. பட்டியலோடு நின்ற பெண், "அன்ரனெற், ஆறு பேர்" என்று கூப்பிட்டாள். ஒருவரும் வரவில்லை. மறுபடி கூப்பிட்டாள். அவளுக்கு முன்னால், கையில் செபமாலையோடு, றீற்றா நின்றாள். பெயர் பதியாதவள்.

அந்தப் பெண் பட்டியலைப் பார்த்தாள், மணியைப் பார்த்தாள், றீற்றாவிடம் இல்லை என்று தலையை ஆட்டினாள்.

ஒரு சொல் போதும். 'அது என் இடம், இவளை விடுங்கள்.' ஆனால் வாயைத் திறந்தால், கோயில் வாசலில் சொன்ன பொய்யும் சேர்ந்து வெளியே வரும். அன்புராசா நின்ற இடத்திலேயே நின்றார். பத்தொன்பது பேர் உள்ளே போனார்கள். கண்ணாடிக் கதவு சத்தமில்லாமல் மூடிக்கொண்டது.

திரும்பிய றீற்றா அவரைக் கண்டாள். "அட, அண்ணை! நீங்களும் வந்தனீங்களே? பாத்தனீங்களே? மடிப்புத் தெரியுதோ?"

"தெரியுது" என்றார்.

"நீங்களாவது பாத்திட்டியள், அது காணும். எனக்குக் குடுத்துவைக்கேல்லை. பஸ் வெளிக்கிடப் போகுது, வாறன்." சிரித்துக்கொண்டே ஓடினாள்.

ரொறன்ரோ திரும்பி மூன்று வாரம் அவர் கோயிலுக்குப் போகவில்லை. நாலாவது சனிக்கிழமை, பீடத்துக்குப் பின்னாலுள்ள சிறிய அறைக்குத் தேடிப் போனார். றீற்றா பீடச்சீலை ஒன்றை அயன் பண்ணிக்கொண்டிருந்தாள்.

"றீற்றா, அண்டைக்குக் கூப்பிட்டும் வராத ஆறு பேர், அது என்ர ஆறு. எதுக்கும் எண்டு பிடிச்சு வைச்சது. பக்கத்தில நிண்டும் நான் வாய் திறக்கேல்லை."

சீலையின் கரை முடியும்வரை அயன் போய்க்கொண்டேயிருந்தது. பிறகு அதை நிமிர்த்தி வைத்தாள்.

"ஆண்டவர் எனக்கு இடம் வைச்சுத்தான் இருந்திருக்கிறார், அண்ணை. நீங்கள் அதில ஆக்களே இல்லாத ஆறு பேரை இருத்திப்போட்டியள்."

அதில் கோபம் இல்லை. அதுதான் அவரைச் சுட்டது. அறையின் மூலையில் இருந்த தொலைபேசியை எடுத்து, மண்டபக்காரர்களில் ஒருவரை அழைத்தார். "டிசெம்பர் முப்பத்தோராம் திகதிக்குப் பேர் தந்த அன்புராசா கதைக்கிறன். எனக்கு அந்த மண்டபம் வேண்டாம். ஆருக்கும் குடுங்கோ."

"நல்லதாப் போச்சு அண்ணை. ஏழு குடும்பம் கேட்டுக் கேட்டு ஏமாந்து நிக்குது. இதை முந்தியே சொல்லியிருக்கலாமே!"

தொலைபேசியை வைத்தார். மிலான் சுவரில் கண்ட பன்னிரண்டு பேரின் கைகளும் 'நானோ?' என்று மறுபடி கேட்பது போலிருந்தது. இம்முறை அவரிடம் பதில் இருந்தது.

"நான்தான், றீற்றா" என்றார். "எதுக்கும் இருக்கட்டும் எண்டு நாங்கள் பிடிச்சு வைக்கிற ஒவ்வொரு இடமும், அதுக்காக ஏங்கி வாற ஒருத்தரை வாசலில நிப்பாட்டுது. தேவைக்கு மேல பிடிச்சு வைக்கிறதும் களவுதான். பறிகுடுத்தவருக்கே தெரியாத களவு."