நாலாம் அறையில் நிற்கக் கூடாது

முதல் அலறல் பதினோராவது நிமிடத்தில் வந்தது. யோகேந்திரன் ஸ்டாப்வாட்சை அழுத்திவிட்டுத் தாளில் குறித்துக்கொண்டான். அடுத்தது பத்தொன்பதில் வந்தது. தாய்லாந்துப் படம். ஏதோ ஒரு மருத்துவமனையின் சலவைக் கூடத்தில், துணி மூட்டைகளுக்கு நடுவே ஒரு நர்ஸ் நடந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் ஒரே ஒரு மூட்டை மட்டும் மூச்சு விட்டது.

அவனுக்குப் பயம் வரவில்லை. பயப்படுவதற்கு அவனை வேலைக்கு வைக்கவும் இல்லை. படத்தில் எத்தனை கதவு, எத்தனை மூலை, எத்தனை ஆள் வேண்டும், சுவரைப் பலகையில் அடித்து ஒப்பேற்ற முடியுமா என்று பார்ப்பதுதான் வேலை.

அவன் உட்கார்ந்திருந்தது பழைய தேயிலைத் தொழிற்சாலையின் மேல்மாடி. ஒரு காலத்தில் கொழுந்து வாட்டிய இடம். தொட்டிகளைக் கழற்றிக்கொண்டு போய் இரண்டு வருடமாகியும் தரையில் அந்தக் கசப்பு வாசனை போகவில்லை. எஸ்டேட் தொழிற்சாலையை மூடியதும் கோலாலம்பூர்க் கம்பெனி ஒன்று கட்டடத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தது. சுற்றுலா வருகிறவர்கள் பணம் கட்டி நடந்து பயப்படுவதற்கு ஐந்து இருட்டறைகள். டிசம்பர் பள்ளி விடுமுறைக்குள் திறக்க வேண்டும்.

குத்தகையோடு பின்னாலிருந்த தொழிலாளர் லயத்து வீடுகளும் கம்பெனிக்குப் போயின. வீட்டில் ஒருவராவது கம்பெனிக்கு வேலை செய்தால் அங்கே இருக்கலாம். இல்லையென்றால் மூன்று மாதத்தில் காலி செய்துவிட வேண்டும். மூன்றாவது வீடு அவன் மாமியார் மணியம்மாவுடையது. முப்பத்தோரு வருடம் கொழுந்து எடுத்தவளுக்குக் கம்பெனியில் வேலை இல்லை. ஈப்போவில் மல்டிமீடியா டிப்ளமோ முடித்திருந்த மருமகனுக்கு இருந்தது. அவன் பேரில்தான் இப்போது அந்த வீடு நின்றது.

படங்களைவிட கேம்கள் தோதாக இருந்தன. படம் பார்க்கிறவன் உட்கார்ந்திருக்கிறான். கேம் ஆடுகிறவன் நடக்கிறான், கதவைத் திறக்கிறான், தப்பான பக்கம் திரும்புகிறான். பாதி வழி அதிலேயே போட்டுக் கிடக்கும். தொண்ணூறு வினாடிக்கு ஒரு குழு, குழுவுக்கு ஆறு பேர் என்பது கம்பெனிக் கணக்கு. ஒரு அறையில் யாராவது நின்றுவிட்டால் பின்னால் வருகிறவர்கள் வந்து இடிப்பார்கள். இரண்டு குழு ஒன்றாகிவிட்டால் கேலியும் சிரிப்பும்தான், பயம் போய்விடும். ஆகவே ஆட்களை நிற்க வைக்கிற காட்சி எவ்வளவு நன்றாக இருந்தாலும் அவன் அதை அடித்துவிடுவான்.

கம்பெனிக்கு அனுப்ப வேண்டிய தாளில் பத்துக் காட்சிக்குப் பத்து வரி இருந்தது. இரண்டு வாரத்தில் ஒன்பதை நிரப்பிவிட்டான். பத்தாவது வெறுமையாக இருந்தது. வெள்ளிக்கிழமை மதியம், தாளை அனுப்ப அரைமணி நேரம் இருந்தபோது, அதையும் நிரப்பினான்.

"எஸ்டேட் லாரி. உள்ளே பிரசவ வலியில் ஒரு பெண். சாலையில் ஜாம். நாலு மணி நேரம். அவள் அம்மா இறங்கி ஒவ்வொரு காராகக் கண்ணாடியைத் தட்டி ஓரம் போகச் சொல்கிறாள். யாரும் கண்ணாடியை இறக்கவில்லை."

எத்தனை ஆள் என்ற கட்டத்தில், ஒன்று, ஒரு பொம்மை என்று எழுதினான். பயம் எங்கே வரும் என்ற கட்டத்தை விட்டுவிட்டான். அனுப்பிவிட்டுக் கீழே போய்க் கைகழுவினான். தண்ணீர் பனிக்கட்டி மாதிரி இருந்தது. தன் மனைவி சசிரேகாவைப் பற்றி எழுதியிருக்கிறோம் என்பது கையைத் துடைக்கும்போதுதான் உறைத்தது. அப்போதும் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. எப்படியும் ஒன்பது இருக்கிறதே.

மூன்று வருடத்துக்கு முன்னால், இதே மாதிரி ஒரு டிசம்பர் விடுமுறை. கம்போங் ராஜாவைத் தாண்டி அவளை ஏற்றிய லாரி இறங்கியது. திரிங்காப்புக்கு வந்தபோது சாலை அடைத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியிலிருந்து புறப்பட்ட ஆம்புலன்ஸ் அந்தப் பக்கம் அதே ஜாமில் நின்றது. சசிரேகாவும் வயிற்றுப் பிள்ளையும் ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. யோகேந்திரன் அப்போது ஒரு ஹோட்டல் வரவேற்பறையில் வேலை செய்தான். வருகிறவர்கள் எல்லாம் ஜாமைத் திட்டிக்கொண்டே சாவி வாங்கினார்கள். தாமதத்துக்கு ஒவ்வொருவரிடமும் அவன் மன்னிப்புக் கேட்டான்.

லாரிக்குள் நடந்தது எல்லாம் மணியம்மா சொல்லித்தான் அவனுக்குத் தெரியும். ஒரே ஒரு தடவைதான் சொன்னாள்.

திங்கட்கிழமை ஜெகதீஸ்வரன் கோலாலம்பூரிலிருந்து வந்தார். கம்பெனி மேனேஜர். மலைக் குளிருக்குக் காதை மூடிய கம்பளித் தொப்பி. செட் போடுகிற ஷஃபிகாவையும் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொண்டு, தாளில் ஒவ்வொன்றாகப் பேனாவால் குறித்துக்கொண்டே வந்தார்.

"ஹாஸ்டல் கேம் ஓகே. சுரங்கம் ஓகே. பொம்மக்கட ஓகே. இந்த மூணும் சின்னக் கம்பெனி, லைசென்ஸ் எழுதிக் குடுத்துட்டான். கடைசி ரூம்ல ரம்பத்த ஓட்டித் தொரத்துனா போதும். நாலாவதுதான் இடிக்குது. சலவைக் கூடத்துக்கு லைசென்ஸ் தரமாட்டேன்னுட்டான். இந்தக் கிணத்துப் படம் வேணாம் லா. எல்லா ஊருப் பேயும் கிணத்துலதான் குடியிருக்கு."

"வாடக கம்மி சார்," என்றாள் ஷஃபிகா. ரிங்லெட்டில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் அபூபக்கரின் மகள். அவளுக்கு எதற்கும் ஒரு பதில் இருக்கும்.

பேனா பத்தாவது வரியில் நின்றது.

"இது எந்தப் படம், யோகேன்?"

"படம் இல்ல சார்."

"கேமா?"

"இல்ல."

ஜெகதீஸ்வரன் மறுபடி படித்தார். உதடுகள் அசைந்தன. "ரெண்டு பக்கமும் நின்ன கார். ஹெட்லைட் மட்டும். நடுவுல நம்ம ஆளுங்க நடந்து போகணும். யப்பா. இங்க வர்றவன் எவனா இருந்தாலும் மூணு மணி நேரம் ஜாம்ல கெடந்துட்டுத்தான் வருவான். இறங்குன உடனே மறுபடி ஜாம்ல விடுறோம்." தொப்பியைக் கழற்றிவிட்டு அவனைப் பார்த்தார். "இவ்ளோ நாளா இத எங்க ஒளிச்சு வச்சிருந்த? லைசென்ஸ் யார்கிட்ட வாங்கணும்?"

யோகேந்திரன் வாயைத் திறந்தான். ஜன்னலுக்கு வெளியே லயத்தின் தகரக் கூரை தெரிந்தது. மூன்றாவது வீட்டின் பின்பக்கம் புகை போய்க்கொண்டிருந்தது. இந்த நேரத்துக்கு மணியம்மா சோறு வடித்திருப்பாள்.

"யார்கிட்டயும் வேணாம் சார்."

"அப்ப முடிஞ்சது லா."

கம்போங் ராஜா பட்டறையிலிருந்து ஓடாத கார்கள் ஏழு வந்தன. காய்கறி ஏற்றிய பழைய லாரி ஒன்றின் பின்பாதி வந்தது. ஷஃபிகா துணியும் பஞ்சும் வைத்து ஒரு பெண் பொம்மை செய்து, வயிற்றை மேடாக்கி, லாரிக்குள் படுக்க வைத்தாள். யோகேந்திரன் ஏழு கார்களுக்கும் இடைவெளி அளந்து சுண்ணாம்பில் கோடு போட்டான். ஆறு பேர் நடந்து கடக்க இருபத்திரண்டு வினாடி ஆனது. வழி நெடுக, "நிற்காமல் நடக்கவும்" என்று நாலு மொழியில் பலகை மாட்டினான்.

வீட்டில் அவன் ஒன்றும் சொல்லவில்லை. மதியச் சோற்றை வாசலில் காவல்காரரிடம் கொடுத்துவிட்டுப் போகும்படி மணியம்மாவிடம் சொல்லி வைத்திருந்தான். அவளும் மூன்று வாரம் அப்படியே செய்தாள். அன்று மழை. காவல்காரர் கூண்டில் இல்லை. தூக்குச்சட்டியை முந்தானையில் மூடிக்கொண்டு அவள் உள்ளே வந்துவிட்டாள்.

அவன் பார்த்தபோது அவள் இரண்டாவது காருக்கும் மூன்றாவது காருக்கும் நடுவில் நின்றிருந்தாள். ஷஃபிகா லாரிமேல் ஏறி விளக்கு கட்டிக்கொண்டிருந்தாள்.

"யாரு, அண்ணனுக்குச் சோறா? வாங்கம்மா, பயப்படாதீங்க. பொம்மதான்."

மணியம்மா லாரி வரைக்கும் போனாள். பக்கப் பலகையைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். தூக்குச்சட்டியிலிருந்து ரசம் வழிந்து அவள் காலில் சொட்டியது.

"தல இந்தப் பக்கம் இல்ல," என்றாள். "டிரைவர் பக்கம் இருந்துச்சு. காலுதான் கதவுப் பக்கம். கீழ ஒரச் சாக்க விரிச்சு, அதுக்கு மேல போர்வ."

ஷஃபிகா விளக்கைக் கட்டுவதை நிறுத்தினாள். மணியம்மாவைப் பார்த்தாள், பிறகு யோகேந்திரனைப் பார்த்தாள். "அண்ணே," என்றாள். இறங்கி, மழையிலேயே வெளியே போய் நின்றுகொண்டாள்.

"அத்த," என்றான் யோகேந்திரன். "நான் சொல்லணும்னுதான்."

"என்னத்தச் சொல்றது. அதான் பாத்துட்டேனே." அவள் காரின் முன்பக்கத்தில் தூக்குச்சட்டியை வைத்தாள். "இதுல கண்ணாடி தட்றது யாரு?"

"இன்னும் ஆள் எடுக்கல."

"மாசச் சம்பளத்துக்கு வைக்கிற ஆளா, நாள்கூலி ஆளா?"

"சம்பளத்துக்குத்தான். ஏன் கேக்குறீங்க?"

"நான் தட்டுறேன். அந்தக் குல்லாக்காரர்கிட்டச் சொல்லுங்க."

"வேணாம் அத்த."

"நீங்க சின்ன வயசு மாப்ள. இன்னிக்கு இல்லாட்டி நாளைக்கு எவளையாச்சும் கட்டிக்கிட்டுப் போவீங்க. போவத்தான் வேணும், நான் ஒண்ணும் தப்புச் சொல்ல மாட்டேன். நீங்க போயிட்டா எனக்கு மூணு மாசம் டயம். வீடு என் பேர்ல நிக்கணும்." காலில் வழிந்த ரசத்தைச் சேலைக் கரையால் துடைத்தாள். "சூடா இருக்கு. சாப்புடுங்க."

அவன் சாப்பிட்டான்.

ஜெகதீஸ்வரனுக்கு அவளைப் பார்த்த உடனே பிடித்துவிட்டது. ஒத்திகையே தேவைப்படவில்லை என்று கோலாலம்பூருக்கு போன் போட்டுச் சொன்னார். யாரும் அவரிடம் எதையும் விளக்கவில்லை. ஷஃபிகா பொம்மையின் தலையை டிரைவர் பக்கம் திருப்பி வைத்தாள். உரச் சாக்கை யோகேந்திரனே கொண்டுவந்து விரித்தான்.

டிசம்பர் இரண்டாவது சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் திறந்தார்கள். சாலை அதற்குள் கம்போங் ராஜா வரைக்கும் அடைத்துக்கொண்டிருந்தது. ஸ்ட்ராபெரி குல்லா போட்ட குடும்பங்கள் வரிசையில் நின்று சோளம் கடித்தன. யோகேந்திரன் ஸ்டாப்வாட்சும் வாக்கிடாக்கியுமாக நாலாம் அறையின் கறுப்புத் திரைக்குப் பின்னால் நின்றான். அங்கிருந்து எல்லாம் தெரிந்தது. ஆறு பேர் வருவார்கள். ஹெட்லைட் எரியும். மணியம்மா முதல் காரிலிருந்து தட்டத் தொடங்குவாள்.

"ஐயா, கொஞ்சம் ஓரம் போங்கய்யா. பிள்ளத்தாச்சி ஐயா. கண்ணாடிய இறக்குங்கய்யா."

சிலர் சிரித்தார்கள். பலர் போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். எல்லாரும் நடந்தார்கள். இருபது வினாடி, இருபத்திரண்டு, இருபத்தொன்று.

மதியம் இரண்டு மணிக்கு வந்த குழுவில் சிவப்பு ஸ்வெட்டர் போட்ட ஒரு பெண் இருந்தாள். கிள்ளான் பக்கத்திலிருந்து வந்தவர்கள் போல, தமிழ்தான் பேசிக்கொண்டு வந்தார்கள். மணியம்மா மூன்றாவது காரைத் தட்டும்போது அந்தப் பெண் நின்றுவிட்டாள்.

"இருங்க, இருங்க. இவங்க நடிக்கல."

"அக்கா, வா லா. எல்லாம் செட்டு," என்றான் கூட வந்தவன்.

"நீ போ." அவள் மணியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். விரல் முட்டிகளில் தோல் உரிந்து சிவந்திருந்தது. "என்னம்மா ஆச்சு? உள்ள யாரு? நான் பாக்கட்டா?"

மணியம்மா தட்டுவதை நிறுத்தினாள். அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பெண் லாரியின் பலகையில் ஒரு காலை வைத்தாள்.

முப்பது வினாடி. நாற்பது. பின்னால் அடுத்த குழு வந்து இடித்தது. யாரோ விசில் அடித்தார்கள்.

"நாலுல ஜாம்," என்றது வாக்கிடாக்கி, ஜெகதீஸ்வரனின் குரலில். "யோகேன், நாலுல ஜாம். கிளியர் பண்ணு."

யோகேந்திரன் திரையை விலக்கிக்கொண்டு வந்தான். டார்ச்சைத் தரைக்கு அடித்தான்.

"இங்க நிக்கக் கூடாதுக்கா. நடங்க."

"இவங்க கை சில்லுன்னு இருக்கு தம்பி. யாராச்சும் பாக்க வேணாமா?"

"நடங்கக்கா. பின்னால ஆள் இருக்காங்க."

அந்தப் பெண் அவனைப் பார்த்தாள். பிறகு பலகையிலிருந்து காலை எடுத்தாள். மணியம்மாவின் கையை விட்டாள். இரண்டு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டே ஐந்தாம் அறைக்குள் போனாள். அங்கே ரம்பம் ஓடத் தொடங்கியது.

யோகேந்திரன் ஸ்டாப்வாட்சைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தான். மணியம்மா விரல் முட்டிகளைச் சேலையில் துடைத்துக்கொண்டு முதல் காருக்குத் திரும்பிப் போனாள். அடுத்த ஆறு பேர் உள்ளே வந்தார்கள். அவள் கண்ணாடியைத் தட்டினாள்.