வால் கனத்த வண்டி

எனக்கு வேண்டியது ஒரே ஒரு நாற்காலி. அதைக் கடற்கரை மணலில் ஒருமுறை போட வேண்டும். வாரம் முடிகிறவரைக்கும் அதை நகர்த்து என்று யாரும் சொல்லக் கூடாது. இவ்வளவுதான் நான் கேட்டது. இதற்குப் போய் நான் பட்ட பாடு இருக்கிறதே, அதை எழுதி முடித்தால்தான் மனசு ஆறும்.

நான் கிடங்கில் லாரிக்குச் சரக்கு ஏற்றுகிறவன். ஒரே லாரி காலையில் பல கடைகளுக்குப் போகும். கடைசிக் கடையின் சரக்கை முதலில் ஏற்றி உள்ளே தள்ள வேண்டும். முதல் கடையின் சரக்கு கதவோரம் நிற்க வேண்டும். கதவைத் திறந்தால் கைக்கு வர வேண்டும், அவ்வளவுதான் வித்தை. தூக்கத்தில் எழுப்பி ஏற்றச் சொன்னாலும் அப்படித்தான் ஏற்றுவேன். என் மனைவி ஓட்டல் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறாள். நாள் முழுக்க ஊர் பேர் தெரியாதவர்கள் படுத்துப் புரள்கிற படுக்கை விரிப்புகள். மாலையில் வந்து உட்கார்ந்தால் அவள் தோள் இறங்கவே இறங்காது, இஸ்திரிப் பெட்டியை இன்னும் பிடித்திருக்கிற மாதிரியே இருப்பாள். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே வாரத்தில் லீவு அமைந்தது இந்த வருஷம்தான்.

அந்த லீவை நம்பித்தான் டிரெய்லர் வாங்கினோம். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போகிற குட்டி வீடு. உள்ளே இரண்டு பேர் படுக்கிற கட்டில், ஓர் அடுப்பு, முகம் கழுவ ஒரு தொட்டி. கதவு பின்பக்கம். விற்றவர்களே கொண்டுவந்து, எங்கள் பக்கச் சுவருக்கும் அடுத்த வீட்டு வேலிக்கும் நடுவில் இருக்கிற சந்தில் நறுவிசாக நிறுத்திவிட்டுப் போனார்கள். புத்தம் புதுசு. கதவைத் திறந்தால் புதுப் பலகை வாசனை. அதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் எங்களுக்கு உறைத்தது, இழுக்க எங்களிடம் கார் இல்லையே என்று.

கார் என் மச்சினனிடம் இருந்தது. என் மனைவியின் தம்பி. டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறான். "நான் இருக்கேன், எதுக்குக் கவலைப்படுறீங்க" என்று வந்தவன், வரும்போதே தனக்கு ஒரு கூடாரமும் கையில் ஒரு வரைபடமும் கொண்டுவந்தான். கூடாரம் பரவாயில்லை. வரைபடம்தான் வினை.

சாப்பாட்டு மேஜையில் அதை விரித்து, சுருளாமல் இருக்க என் டீ டம்ளரைத் தூக்கி ஒரு மூலையில் வைத்தான். கரையோரமாக ஆறு இடத்தில் சிவப்பு வட்டம் போட்டிருந்தான்.

"பாருங்க மாமா. இந்த முனையில ஆரம்பிக்கிறோம், அந்த முனையில முடிக்கிறோம். கலங்கரை விளக்கம், குகை, மீன் பிடிக்கிற பாலம், பறவைங்க வர்ற கழிமுகம், அப்புறம் பாறை. கடைசியா சூரியன் மறையற இடம்."

"சூரியன் எல்லா இடத்துலயும்தானடா மறையுது?"

"அங்க மறையறது வேற மாதிரி."

"அப்ப உக்காருறது எப்ப?"

"கார்ல உக்காந்துதான மாமா வரப்போறீங்க!"

டம்ளரை எடுத்து ஒரு மடக்கு குடித்தேன். வரைபடம் சுருண்டுகொண்டு அவன் கையில் அடித்தது. கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அடுப்படியில் மனைவியிடம் போய் முறையிட்டேன். "ஆறு இடம்னா ஆறு தடவை இறக்கி ஆறு தடவை ஏத்தணும். யாரு ஏத்துவா?"

"நீங்கதான்."

"அதுக்கு நான் கிடங்குக்கே போயிடுறேனே! அங்க டீயாவது குடுப்பாங்க."

அவள் பாத்திரம் கழுவுவதை நிறுத்தவில்லை. "எனக்கு அலைச் சத்தம் கேட்டுக்கிட்டே தூங்கணும். அது எந்த இடத்து அலைங்கறது எனக்குக் கவலையில்ல. இப்ப அவன்கிட்ட சண்டை போட்டு, அவன் காரை எடுத்துக்கிட்டுப் போயிட்டான்னு வையுங்க, அந்தச் சந்துலயே டிரெய்லர்ல படுத்துக்க வேண்டியதுதான். சாக்கடை சத்தம் நல்லா கேக்கும்."

அவள் சொன்னதில் ஒரு சொல் தப்பில்லை. அதுதான் எரிச்சலை இன்னும் கூட்டியது. ஒரு வாரம் என்று கையில் கிடைத்தது, என் கண் முன்னாலேயே இன்னொரு வேலை வாரமாக மாறிக்கொண்டிருந்தது. நான் சும்மா நின்று பார்க்க வேண்டியிருந்தது.

திரும்பி வந்து மேஜை மேல் கையை ஊன்றிச் சொன்னேன்: "சரி. வழி உன்னது. ஏத்துறது என் வேலை. அதுல எவனும் கை வைக்கக் கூடாது."

"தாராளமா மாமா. உங்களுக்குத் தெரியாததா!"

டிரெய்லரோடு ஒரு கையேடு கொடுத்திருந்தார்கள். நாற்பதைத் தாண்டிய பிறகு மாலைப் பள்ளியில் எழுத்துக் கூட்டியவன் நான். மெதுவாகத்தான் படிப்பேன், ஆனால் ஒரு வரி விட மாட்டேன். அடுப்பு படித்தேன், தண்ணீர்க் குழாய் படித்தேன், விளக்கு படித்தேன். அடுத்த பக்கத்தில் 'பொருள்களை ஏற்றும் முறை' என்று தலைப்பு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யாருக்கு யார் சொல்லிக்கொடுப்பது? மூடி மேல் அலமாரியில் போட்டேன்.

பிறகு ஏற்றினேன். மச்சினன் போட்ட ஆறு வட்டத்துக்கும் ஆறு அடுக்கு. சூரியன் மறைகிற இடத்துக்கு வேண்டியது உள்ளே முன்சுவரை ஒட்டி. பாய், தலையணை, போர்வை, மெத்து மெத்தென்று. அதை அடுத்துப் பாறைக்கான கயிறு, கழிமுகத்துக்கான பைனாகுலர், பாலத்துக்கான தூண்டில். முதல் இடத்தில் இறங்கியதும் தேவைப்படுகிற தண்ணீர் கேன்கள், இரும்புச் சட்டி, அவன் கொண்டுவந்த கருவிப் பெட்டி, அரிசி மூட்டை எல்லாம் கதவோரம். கதவைத் திறந்தால் கைக்கு வரும். கிடங்கில் இப்படி ஏற்றியிருந்தால் மேலாளரே தட்டிக்கொடுத்திருப்பார்.

மனைவி வந்து எட்டிப் பார்த்தாள்.

"அழகா அடுக்கியிருக்கீங்க. கட்டில் எங்க?"

"அடியில இருக்கு. நாலாவது இடம் தாண்டினதும் வெளிய வந்துடும்."

"எப்படி வரும்?"

"அதுக்குள்ள மேல இருக்கறதெல்லாம் இறங்கிடும்ல."

"இறக்கினதை அங்கங்கே விட்டுட்டா வரப்போறோம்? திரும்ப ஏத்த வேணாமா?"

என் வேலையில் இறக்கியது திரும்பி வராது. கடைக்காரன் கையெழுத்துப் போட்டால் தீர்ந்தது கதை. இறக்கியதே மறுபடி ஏறும் என்பது இத்தனை வருஷத்தில் என் புத்திக்கு எட்டவே இல்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆனால் அத்தனையையும் பிரித்து மறுபடி அடுக்குகிற தெம்பு என்னிடம் இல்லை. "அதெல்லாம் போற வழியில பாத்துக்கலாம்" என்று கதவைச் சாத்தினேன்.

மறுநாள் காலை மச்சினன், "எதுக்கும் ஒரு ஓட்டம் ஓட்டிப் பாத்துடலாம்" என்று காரைக் கொண்டுவந்து மாட்டினான். அவன் பக்கத்தில் நான், பின்னால் மனைவி. தெருவுக்குள் நன்றாகத்தான் வந்தது. பெரிய சாலையில் ஏறிக் கொஞ்சம் வேகம் எடுத்ததும் பின்னாலிருந்து யாரோ சட்டையைப் பிடித்து இழுக்கிற மாதிரி இருந்தது. கண்ணாடியில் பார்த்தால் டிரெய்லர் இடுப்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒடித்துக்கொண்டு வருகிறது. கார் நேராகப் போக, அது தனக்கென்று வேறு வழி தேடிக்கொண்டிருந்தது.

"டேய் தம்பி, மெதுவா! மெதுவா!"

"மெதுவாதான்க்கா போறேன், கத்தாத!"

"நான் கத்தல, அதான் கத்துது!"

பின்னால் சட்டியும் கேனும் மோதுகிற சத்தம். எப்படியோ வேகத்தைக் குறைத்து பெட்ரோல் பங்க்கில் ஒதுக்கினான். பங்க்கில் காற்று அடிக்கிறவர் வந்து, கார் பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்தார். கதவைத் திறந்து உள்ளேயும் பார்த்தார்.

"என்னண்ணே, கடை போடப் போறீங்களா?"

"கடலுக்குப் போறோம்."

"வால் கனத்துக் கிடக்கு. எந்த ஆளு ஏத்தினது?"

மச்சினன் என்னைப் பார்க்கவில்லை. தன் நகத்தைப் பார்த்தான். அவன் ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. மனைவி கைப்பையிலிருந்து எதையோ எடுத்து நீட்டினாள். அந்தக் கையேடு. அலமாரியிலிருந்து எடுத்துவைத்திருக்கிறாள், மகராசி. நான் சிரித்து மூடிய அதே பக்கத்தில், கனமானதைச் சக்கரத்துக்கு முன்பக்கமாகத் தரையோடு வை, பின்னால் வைக்காதே என்று போட்டிருந்தது. அதைப் படிக்க எனக்குக்கூட அதிக நேரம் பிடிக்கவில்லை.

காற்று அடிக்கிற இடத்தில் எல்லாவற்றையும் இறக்கினேன். காற்று அடிக்க வந்தவர்கள் ஆரன் அடித்தார்கள். கனத்தை முன்னால் போட்டு, லேசானதைப் பின்னால் போட்டு, மறுபடி ஏற்றினேன். இன்னும் லீவு தொடங்கவே இல்லை.

திரும்பி வரும்போது வண்டி சொன்ன பேச்சு கேட்டது. மச்சினன் முகத்தில் களை திரும்பியது. "பாத்தீங்களா மாமா, ஓட்டுறவன் ஓட்டினா எல்லாம் ஓடும்" என்றான்.

சந்துக்கு முன்னால் வந்து நின்றோம். டிரெய்லர் பின்னோக்கித்தான் உள்ளே போகும். ரிவர்ஸ் என்பது மச்சினன் தினமும் பத்துப் பேருக்குச் சொல்லிக்கொடுக்கிற பாடம். கையைப் பின்சீட்டில் போட்டு, தலையைத் திருப்பி, ஒயிலாக ஸ்டியரிங்கை ஒடித்தான். டிரெய்லர் நேர் எதிர்ப்பக்கம் போய் வேலியைப் பார்த்து நின்றது. முன்னால் எடுத்தான். இந்தப் பக்கம் ஒடித்தான். அது அந்தப் பக்கம் போனது. காரும் அதுவும் மடக்குக் கத்தி மாதிரி மடங்கிக்கொண்டன.

நான் கிடங்குப் பழக்கத்தில் டிரெய்லரின் பக்கத்தைத் தட்டி, "வா, வா, வா, நில்லு!" என்றேன்.

"நான் லாரி இல்ல மாமா!"

"லாரியா இருந்தா இந்நேரம் உள்ள போயிருக்கும்!"

குப்பைத்தொட்டி சாய்ந்தது. அடுத்த வீட்டுக்காரர் வேலிக்குக் காவலாக வந்து நின்றார். எதிர்வீட்டில் ஜன்னல் திறந்தது. அப்போது பார்த்துக் காய்கறிப் பையோடு ஒரு அம்மா நின்றார். மச்சினனிடம் கார் படிக்கிறவராம். லைசென்ஸ் சோதனையில் பலமுறை தோற்றவர் என்று பிறகு சொன்னான்.

"சார், அவசரப்படாதீங்க. கண்ணாடியைப் பாத்து, மூச்சை இழுத்து விட்டு, மெதுவா. நீங்கதான சார் சொல்வீங்க."

"சரிங்கம்மா."

"பதட்டப்பட்டா கை நடுங்கும் சார்."

"சரிங்கம்மா!"

அந்த அம்மா போவதாக இல்லை. பையைக் கீழே வைத்துவிட்டார். மச்சினனின் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. கடைசியில் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினான். "கழட்டித் தள்ளிடலாம்" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு.

கழற்றினோம். தள்ளினோம். அசையவில்லை. உள்ளே அவ்வளவு கனம். நான் கதவைத் திறந்து, தண்ணீர் கேன், சட்டி, அரிசி, தூண்டில், கயிறு என்று எல்லாவற்றையும் இன்னொரு தடவை தெருவில் இறக்கினேன். அடுத்த வீட்டுக்காரர், காய்கறி அம்மா, நாங்கள் மூன்று பேர் என்று சேர்ந்து தள்ளினோம். காலி டிரெய்லர் குழந்தை மாதிரி உருண்டு உள்ளே போனது.

மனைவி உள்ளே ஏறினாள். வெகுநேரம் வெளியே வரவில்லை என்று எட்டிப் பார்த்தேன். வெறும் கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தாள். தோள் இரண்டும் இறங்கியிருந்தன.

நான் படியில் உட்கார்ந்தேன். மச்சினன் ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"மாமா."

"ம்."

"ஒவ்வொரு இடத்துலயும் இதை ரிவர்ஸ்ல விடணும்ல."

"விடணும்."

"பக்கத்துல ஆளுங்க இருப்பாங்க."

"நாற்காலி போட்டு உக்காந்திருப்பாங்க மாப்ள. அவங்களுக்கும் பொழுது போகணும்ல."

அவன் வரைபடத்தை எடுத்தான், பிரிக்கவில்லை. "நேரா உள்ள போயி, நேராவே வெளிய வர்ற மாதிரி ஒரு இடம் இருக்காம். அந்தப் பாலத்துக்குப் பக்கத்துல. அங்கயே வாரம் பூரா இருந்துட்டா என்ன?"

துள்ளிக் குதித்திருப்பேன். இடுப்பு இடம் கொடுக்கவில்லை. "உன் இஷ்டம். கார் உன்னது" என்றேன்.

உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது: "அந்தக் கயிறு, கருவிப் பெட்டி எல்லாம் வீட்டுக்குள்ள போகட்டும்."

தெருவில் கிடந்ததில் பாதிக்கு மேல் வீட்டுக்குள் போனது. மீதியை ஏற்றினேன், கனத்தைச் சக்கரத்துக்கு முன்னால், தரையோடு. மனைவி கட்டிலுக்கான விரிப்பைப் பந்தாகச் சுருட்டி உள்ளே எறிந்தாள்.

"அக்கா, மடிக்கலையா?" என்றான் மச்சினன்.

"லீவுடா" என்றாள்.

நாற்காலியை மட்டும் கதவோரம் வைத்தேன். அதற்குக் கனம் கிடையாது. கதவைத் திறந்தால் கைக்கு வர வேண்டும்.