ஜோமோள் எடுத்துப்போன தாள்

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ஆள் நான் இல்லை. எங்கள் பாலக்காட்டுச் சித்தூர் வீட்டு மாடிக்கு ஜோமோள் வாடகைக்கு வந்த நாளிலிருந்தே அவள் மேல் எனக்கு ஒரு சந்தேகக் கண். இடுக்கிப் பக்கம் ஆனைக்கரை ஏலத்தோட்டத்துப் பெண்; தமிழ், மலையாளம் இரண்டும் எழுதப் படிக்கத் தெரிந்தவள். கோயமுத்தூரிலிருந்து பறக்கும் மலிவுக் கட்டண விமானக் கம்பெனியில் பணிப்பெண்ணாகச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அதே கம்பெனியில் எனக்கு ஆறு வருஷம். பணிப்பெண்களுக்குத் தலைமையான லீட் பதவிக்கு என் பெயர் போயிருந்தது. தமிழில் அறிவிப்பு வாசித்துக் காட்டினால் கிடைத்துவிடும்.

வினை அங்கேதான் இருந்தது. எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் அப்படித்தான். யாரையாவது வாசிக்கச் சொல்லி, அதை மலையாள எழுத்தில் நோட்டில் எழுதிவைத்து ஆறு வருஷம் ஓட்டிவிட்டேன். கம்பெனிக்குத் தெரியாது. மடியில் கனம், அதனால் வழியில் பயம்.

"அந்தப் புள்ள உன்ற நோட்ட எடுத்துப் புரட்டிட்டு இருந்துச்சு கண்ணு," என்றாள் அம்மா ஒரு நாள்.

என் ரகசியம் அவளுக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் அவள் பயிற்சியாளர் ராஜசேகரோடு தனியாகப் பேசிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் பேச்சு நின்றது. இதற்கு மேல் என்ன வேண்டும்? அவள் முந்துவதற்குள் நான் முந்திக்கொண்டேன். ஜோமோளுக்கு இங்கிலீஷ் போதாது, பயணிகள் கேட்பது புரியாமல் எப்போதும் விழிக்கிறாள் என்று ராஜசேகருக்கு மெயில் தட்டினேன். உண்மையில் அவள் திணறியது ஒரே ஒரு தடவை.

சோதனை நாளில் விமானத்தில் ஏறியதும் ராஜசேகர் ஒரு தாளை நீட்டினார். புது அறிவிப்பு. என் நோட்டில் இல்லாதது.

"குடுங்கக்கா, ஒரு தடவ பாத்துட்டுத் தாரேன்," என்று ஜோமோள் அதைப் பிடுங்கிக்கொண்டு பின்பக்கம் போய்த் திரையை இழுத்துவிட்டாள். சண்டாளி, என் பிழைப்பில் மண்ணைப் போடப் பார்க்கிறாள் என்று மனசுக்குள் வைதேன். பயணிகள் ஏறி முடித்து, கதவு சாத்தும்போதுதான் தாள் என் கைக்கு வந்தது. திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் முழுக்க அந்த அறிவிப்பு மலையாள எழுத்தில் இருந்தது. மை இன்னும் காயவில்லை.

தங்குதடையில்லாமல் வாசித்தேன்.

திரும்பிவந்து இறங்கியதும் ராஜசேகர் கை குலுக்கினார். "தமிழ் கச்சிதம். லீட் உறுதி. அப்புறம், உங்க மெயில் பார்த்தேன். ஜோமோளுக்கு இன்னும் பயிற்சிக் காலம்தானே? நாளையிலிருந்து வர வேண்டாம்னு சொல்லியாச்சு."

வீட்டுக்குப் போகும் வண்டியில் ஜோமோள் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"இங்கிலீஷ் கிளாஸ் வைங்கன்னு நானே சார்ட்ட கேட்டிருந்தேன்க்கா. அதுக்குள்ள யாரோ எழுதிப் போட்டிருக்காங்க. உங்களுக்கு யார் மேலயாச்சும் சந்தேகம் இருக்கா?"

ஊரையே சந்தேகப்பட்டவள் நான். வெட்கத்தில் உடம்பு கூசியது. வண்டி கிளம்புவதற்குள் இறங்கினேன்.

"எங்கக்கா போறீங்க?"

"எழுதுனது நான்தான்," என்றேன். அவள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை.

நேரே ராஜசேகரின் மேஜைக்குப் போய் நின்றேன். என் பதவிக் கடிதத்தில் அவர் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"சார், எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாதுங்க," என்றேன்.