ஏழாவது புகைவாய்

“முன்னூத்திப் பன்னிரண்டு டிகிரிதானே? உன் கையெழுத்து கோழி கிறுக்கின மாதிரி இருக்குடி. பூதக்கண்ணாடி வச்சுப் பாத்தேன்.”

“பன்னிரண்டுதான்,” என்றேன்.

தொலைபேசியில் மூக்கி. கல்லூரியில் நாங்கள் வைத்த பெயர். எரிமலைத் தீவுக்குப் படகில் போனபோது, தீவு கண்ணில் படுவதற்கு முன்பே கந்தக வாடையைக் கண்டுபிடித்தவள். இப்போது அதே கல்லூரியில் பேராசிரியை. நான் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. மேசையில் பிள்ளைகளின் செய்முறை நோட்டுகள். அளக்காமலே எழுதிய எண்களைச் சிவப்பு மையால் சுழித்துக்கொண்டிருந்தேன். ‘எப்படி டீச்சர் கண்டுபிடிக்கிறீங்க?’ என்று ஆச்சரியப்படுவார்கள்.

“நாம போயிட்டு வந்த அடுத்த வருஷமே தீக்குழம்பு வந்து அந்தச் சரிவை மூடிடுச்சு. அந்த ஏழாவது புகைவாய்க்கு உலகத்துலயே ஒரே அளவு உங்களோடதுதான். என் கட்டுரையே அதுலதான் நிக்குது. ஒல்லி பேரையும் போட்டு, அவன் நினைவா வெளியிடறேன்.”

எங்கள் வகுப்பு ஒல்லி இறந்து மூன்று மாதம் ஆகிறது.

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன், சரிவில் ஆவி கக்கும் ஏழு புகைவாய்களிலும் வெப்பமானிக் கம்பியைச் செருகி அளந்து வரச்சொல்லி என்னையும் ஒல்லியையும் மேலே அனுப்பியிருந்தார்கள். சாம்பல் சரிவு. ஓரடி ஏறினால் அரையடி சறுக்கும். ஈரக் கைக்குட்டையை முகத்தில் கட்டிக்கொண்டு ஆறை முடித்தோம். மேலே போகப்போக ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சூடு. ஏழாவதற்கு ஐம்பதடி இருக்கும்போது என் வலது ஷூ வாயைப் பிளந்தது. கல் மூட்டைக்கு வைத்திருந்த சணலால் ஒல்லி அதைச் சுற்றிக் கட்டினான். கட்டி முடித்த பிறகும் அவன் எழுந்திருக்கவில்லை. நானும்தான். கீழே கடலில் எங்கள் படகு ஓர் அரிசிமணி அளவுக்குத் தெரிந்தது. பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரை எனக்கு முதலில் நீட்டினான். மலை அடிவயிற்றில் உறுமியது.

“பாவம், அதுக்கும் பசிக்குது போல,” என்றான்.

கொஞ்ச நேரத்தில் படகின் சங்கு கூப்பிட்டது. ஏழாவதற்கு ஏற இனி நேரமில்லை.

“முன்னூத்திப் பத்துன்னு போட்டுடவா?”

“ரவுண்டா போடாதே, மாட்டிக்குவோம். பன்னிரண்டு போடு.” சிரித்தபோது அவன் பல்லெல்லாம் சாம்பல்.

அவனோடு நான் தனியாக உட்கார்ந்திருந்தது வாழ்நாளில் அந்த அரைமணி நேரம்தான். அதன்பிறகு அவரவருக்கு வேலை, கல்யாணம், குழந்தைகள். நாங்கள் அங்கே உட்கார்ந்திருந்ததற்கு அந்த எண்ணைத் தவிர எங்கேயும் ஒரு தடயம் இல்லை.

“லைன்ல இருக்கியாடி?”

“ம்.”

பேனா நின்ற இடத்தில், யாரோ ஒரு பிள்ளையின் நோட்டில், சிவப்பு மை ஊறிப் பரவிக்கொண்டிருந்தது.

“பெருசா ஒண்ணுமில்ல. நீங்க ரெண்டு பேரும் மேல வரைக்கும் போய் அளந்தீங்கன்னு ஒரே ஒரு வரி எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பு. கோழி கிறுக்கினாலும் பரவாயில்ல. அவனுக்காக எழுதுடி.”